கம்பத்துக் கொடிமுந்திரியும் பிரான்சின் பெயரறியாக் கொடிகளும்

தோப்பும்படிக்கு நான் குடிவந்த புதிதில், வீட்டில் பாயசம் வைப்பதாக இருந்தது. சந்தியிலுள்ள பழக்கடைக்குச் சென்று, கால் கிலோ முந்திரி வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கருநீலத் திராட்சைக் குலையை எடுத்துத் தராசில் வைத்தார். "இது வேண்டாம், முந்திரி வேண்டும்" என்றேன். "இது முந்திரி தானே, சேட்டா" என்றார் அவர். இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கினோம். பாயசத்துக்கு வேண்டியதை இங்கே அண்டிப்பருப்பு என்று கேட்க வேண்டும். முந்திரி என்றால் திராட்சை. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய அனுபவம் ஒன்றேனும் இருக்கும். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அவர் பக்கமும் நியாயம் உண்டு என்று தெரிந்தது. திராட்சைக்குத் தமிழ் அகராதிகள் தரும் பெயர்களுள் கொடிமுந்திரி என்பதும் ஒன்று. நாம் கொடியை மறந்து மரத்துக்கு அப்பெயரைக் கொடுத்துவிட்டோம். அவர்கள் கொடிக்கே வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குலையை மறுக்க மனமில்லாமல் வாங்கி வந்தேன். ஒரு பழத்தை வாயிலிட்டதும் திடுக்கிட்டேன். தடித்த தோல், உள்ளே விதை, நாவில் இனிப்பும் புளிப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக ரோஜா நீரை நினைவூட்டும் மணம். அது என் ஊர்ப் பழம். கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் பன்னீர்த் திராட்சை என்று வழங்குவது. மறுநாள் கடைக்காரரிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "வண்டியில் வருகிறது" என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. தேனி மாவட்டத்தின் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் முதலிய ஊர்களின் பந்தல்களில் பறிக்கப்படும் பழம் குமுளி மலைப்பாதை ஏறி, மேற்கே இறங்கி, கேரளத்துச் சந்தைகளுக்கு வந்து சேர்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. அந்தப் பந்தல்களுக்குப் பாயும் தண்ணீர் எதிர்த்திசையில் வருவது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1895-ல் முடித்த பெரியாற்று அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக மேற்கு நீர் கிழக்கே வருகிறது. தண்ணீராக வந்தது பழச்சாறாகத் திரும்பிச் செல்கிறது என்று என் தமையனார் வேடிக்கையாகக் கூறுவார்.

அவர் வேடிக்கையாகப் பேசாத நாள் ஒன்றும் வந்தது. "தம்பி, பந்தலைப் பிரித்துவிடலாம் என்று பார்க்கிறேன். வாழை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்தது போக, பெட்டிக்கு வருகிற விலையில் கையில் நிற்பது ஒன்றுமில்லை. விதையில்லாத பழம்தான் வேண்டுமென்று வாங்குபவர் கேட்கிறார்" என்று தொலைபேசியில் சொன்னார். பந்தலில் கல் தூண் நட்டவர் எங்கள் தந்தையார். நான் ஊரை விட்டு வந்தவன். பிரிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆனால் அன்று முதல் இந்தப் பழத்தின் குலம் கோத்திரம் என்ன என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னைப் பிரான்சு நாட்டின் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. புத்தகங்களின் வழியாகத்தான். கப்பலேறவில்லை.

ஒன்றை முன்னரே சொல்லிவிடுகிறேன். திராட்சை மதுவைப் பற்றிப் பேசப் போகிறேனே தவிர, அதை அருந்துமாறு எவரையும் அழைக்கவில்லை. உழவன் ஒருவன் தன் கொடிக்கும் தன் மண்ணுக்கும் எப்படிப் பெயர் தேடிக்கொண்டான் என்பதே என் அக்கறை. அந்தக் கதை பிரான்சில் மதுச்சாடிக்குள் இருக்கிறது. ஆகவே சாடியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

தமிழருக்கு இந்தச் சாடி புதிதுமன்று. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இங்கே கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் அத்தகைய துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. மிளகு போயிற்று, மது வந்தது. மட்டாஞ்சேரியில் 1568-ல் தொழுகைக்கூடம் கட்டிய யூதர்கள், திராட்சை விளையாத இந்த ஊரில், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துத் தம் ஓய்வுநாள் வழிபாட்டுக்குரிய மதுவை ஆக்கிக்கொண்டார்கள். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல்லிலிருந்து மலையாளத்தில் 'வீஞ்ஞு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பிரெஞ்சு மது என்றால் உலகம் இரண்டு மூன்று பெயர்களையே அறியும்: போர்தோ, பர்கண்டி, சாம்பெய்ன். ஆனால் அந்நாட்டின் மலைச்சரிவுகளிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் வேறு பல கொடிகள் உள்ளன. அவற்றின் பெயர் பக்கத்து மாவட்டத்தாருக்கே தெரியாது. அவேரோன் பகுதியில் மார்சியாக் என்னும் சிற்றூர்ப்புறம் இருக்கிறது. அங்கே செம்மண் சரிவில் வளரும் கொடிக்குப் பிரெஞ்சு மொழியில் இரும்பு என்று பொருள்படும் 'ஃபேர்' என்று பெயர். அதன் கட்டை அத்தனை கடினம். துலூசு நகருக்கு வடக்கே நெக்ரெத் என்னும் கருங்கொடி. கய்யாக் வட்டாரத்தில் மொசாக். பிரனீசு மலையடிவாரத்தில், பழம் கொடியிலேயே சுருங்கி வற்றும் வரை நவம்பர் மாதத்துப் பனியிலும் காத்திருந்து பறிக்கப்படும் சிறிய மான்செங். 1553-ல் போ நகரில் நான்காம் ஹென்றி மன்னர் பிறந்தபோது, குழந்தையின் உதட்டில் பூண்டைத் தேய்த்து, இந்த ஜுரான்சோன் மதுவைத் தடவினார்களாம். நாம் சேனை தொட்டு வைப்பதைப் போன்றதோர் வழக்கம் என்று கொள்ளலாம்.

ஆனால் என்னைப் பெரிதும் ஈர்த்தது கிழக்கே ஸ்விட்சர்லாந்தை ஒட்டிய ஜுரா மலைநாடு. அங்கே சவஞ்ஞான் என்றொரு வெண் திராட்சை. அதன் சாறு நொதித்த பிறகு மரப்பீப்பாயில் ஊற்றி, 6 ஆண்டும் 3 மாதமும் தொடாமல் வைக்கிறார்கள். பீப்பாயில் ஒரு பகுதி ஆவியாகப் போகும். குறைந்த இடத்தை வேறெங்கும் நிரப்புவார்கள், இங்கே நிரப்புவதில்லை. மதுவின் மேல் நொதிகள் ஏடு போல் படர்ந்து, முக்காடிட்டுக் காக்கின்றன. காலம் முடிந்ததும் ஒரு லிட்டரில் எஞ்சுவது ஏறக்குறைய 62 சென்டிலிட்டர். அந்த அளவுக்கே தனிப் புட்டி செய்திருக்கிறார்கள். இழந்ததையும் அளவாக மதித்துப் புட்டி செய்த மக்கள் வேறெங்கேனும் உண்டா என்று தெரியவில்லை. மஞ்சள் மது என்று அதற்குப் பெயர்.

அந்த ஜுராவின் ஆர்புவா என்னும் ஊரில்தான் லூயி பாஸ்டர் வளர்ந்தார். மது ஏன் கெடுகிறது என்று அவர் ஆராய்ந்து எழுதிய நூல் 1866-ல் வெளியாயிற்று. பின்னர் 1878-ல் அங்கே தமக்குச் சொந்தமான கொடித்தோட்டத்தில் ஓர் எளிய சோதனை செய்தார். பழம் முற்றுமுன் சில கொடிகளைக் கண்ணாடிக் கூடுகளால் மூடினார். மூடிய கொடியின் பழச்சாறு நொதிக்கவில்லை. வெளியே நின்ற கொடியின் சாறு நொதித்தது. நொதிக்கும் உயிர் பழத்தின் உள்ளே தானாகத் தோன்றுவதில்லை, வெளியிலிருந்து வந்து தோலில் தங்குகிறது என்பது இதனால் விளங்கிற்று.

இதைப் படித்தபோது எனக்கு எதிர்வீட்டு அம்மச்சியின் நினைவு வந்தது. கிறிஸ்துமசுக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே அவர் பெரிய பரணியை வெயிலில் காயவைப்பார். கறுத்த முந்திரி, சர்க்கரை, ஆறவைத்த வெந்நீர், ஒரு கைப்பிடி கோதுமை, கறுவாப்பட்டை, கிராம்பு. துணியால் வாய் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் ஒரு முறை கிளறி, 21-ஆம் நாள் வடிப்பார். "பழத்தை அதிகம் தேய்த்துக் கழுவக் கூடாது, மோனே, தேய்த்தால் பொங்காது" என்பார். பாஸ்டர் பெயரை அவர் கேட்டதில்லை. வீட்டில் இவ்வாறு செய்வதற்குச் சட்டம் இடந்தருவதில்லை என்று 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை நினைவூட்டிய பிறகு, பரணி மாங்காய் ஊறுகாய்க்குப் போய்விட்டது. ஊறுகாயும் நன்றாகவே இருக்கிறது.

இனி, இந்தச் சிற்றூர்க் கொடிகள் மறதிக்குள் போனது எப்படி என்று பார்ப்போம். 1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு ஃபிலாக்சிரா என்னும் நுண்பூச்சி பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அது வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றது. 1875-ல் ஏறத்தாழ 845 கோடி லிட்டராக இருந்த மது விளைச்சல், 1889-ல் 234 கோடி லிட்டராகச் சுருங்கிற்று. எத்தனையோ மருந்து போட்டும் பயனில்லை. முடிவில் கண்ட வழி, அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப் போடுவது. நோய் தந்த நாட்டின் வேரே அதைத் தாங்கியது. ஆனால் ஒட்டுப் போட்டு மீண்டும் நடும்போது உழவர் எதை நட்டார்? விற்கக்கூடிய வகையை நட்டார். ஊருக்கு ஊர் வேறுபட்ட பழைய கொடிகள் பல அப்போதே விடுபட்டுப் போயின. மோன்பெலியே வேளாண் கல்லூரியில் 1876-ல் ஒரு கொடிச் சேகரிப்பைத் தொடங்கியவர்கள் தொலைநோக்குள்ளவர்கள். 1949-ல் அது பூச்சி வாழ இயலாத கடற்கரை மணலுக்கு, வசால் என்னும் இடத்துக்கு, மாற்றப்பட்டது. பல்லாயிரம் கொடிகள் அங்கே உயிரோடு காக்கப்பட்டன.

அரசும் கல்லூரியும் காத்தவற்றை விட ஒரு குடும்பம் காத்தது எனக்கு வியப்பளிக்கிறது. தென்மேற்கே, சாரகாசி என்னும் ஊரில், அரை ஏக்கருக்கும் குறைவான மணற்பாங்கான நிலம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட கொடிகள் பூச்சிக்குத் தப்பி இன்றும் நிற்கின்றன. 20 வகைகள் அதில் உள்ளனவாம். அவற்றுள் 7 எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. 2012-ல் பிரெஞ்சு அரசு அதைக் கோட்டையையும் கோயிலையும் போல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அதைப் பிடுங்காமல் வைத்திருந்தவர்களுக்கு அதனால் என்ன வருமானம் இருந்திருக்கும்? ஒன்றும் பெரிதாக இராது. சோம்பலோ, பாசமோ, பிடிவாதமோ, ஏதோ ஒன்று அதைக் காத்தது.

விடுபட்ட கொடிகளுள் சில வேற்று நாட்டில் பிழைத்துக்கொண்டன. இது நம்மைப் போன்றவர்களுக்கு நெருங்கிய செய்தி. மதிரான் பகுதியின் தன்னா என்னும் துவர்ப்புக் கொடி, பாஸ்கு மக்களோடு கப்பலேறி உருகுவே நாட்டுக்குச் சென்று, அந்நாட்டின் சிறப்புக் கொடியாகவே ஆகிவிட்டது. காவோர் நகரத்து மல்பெக் அர்ஜென்டினாவில் பெற்ற புகழைத் தாய்நாட்டில் பெற்றதில்லை. எல்லாவற்றிலும் இரங்கத்தக்கது கார்மெனேர். போர்தோவிலிருந்து சிலி நாட்டுக்குப் போய், அங்கே மெர்லோ என்னும் வேறு கொடியின் பெயரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தது. 1994-ல் பூர்சிக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் தோட்டத்தில் நின்று, இது மெர்லோ அன்று, எங்கள் ஊரில் நாங்கள் இழந்துவிட்ட கார்மெனேர் என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஊர்ப்பெயரையும் தந்தை பெயரையும் விட்டுவிட்டு வேறொரு பெயரில் பிழைக்கும் மனிதரை நாம் கண்டதில்லையா?

குலப்பெருமை பேசுவோருக்கு ஒரு செய்தியும் உண்டு. கூவே என்றொரு மட்டமான கொடி. ஏழை உழவர் வைத்திருந்தது. பெரிய மனிதர் இகழ்ந்தது. 1999-ல் மரபணுவை ஆராய்ந்தபோது, உலகப் புகழ்பெற்ற சார்தொனே உட்படப் பல கொடிகளுக்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் இந்தக் கூவேதான் என்று தெரியவந்தது. லுவார் ஆற்றுப் பகுதியில் ஒரே வட்டாரத்தில் மட்டும் விளையும் ரோமோரான்தான் என்பதும் அதன் பிள்ளையே. ஆக, சார்தொனேயும் ரோமோரான்தானும் உடன்பிறப்புகள். ஒன்று உலகம் சுற்றிற்று. மற்றொன்று பிறந்த தெருவிலேயே இருக்கிறது.

பெங்களூர்த் தமிழர்களுக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. அங்கே பெங்களூர் நீலம் என்று விற்கும் திராட்சை, அமெரிக்காவிலிருந்து பரவிய இசபெல்லாவே என்று கூறுவர். பூச்சியைத் தாங்கும் என்று பிரெஞ்சு உழவர் நம்பி நட்ட அந்த இசபெல்லாவையும் வேறு ஐந்து கொடிகளையும் 1934-ல் பிரெஞ்சு அரசு சட்டமியற்றித் தடை செய்தது. பித்துப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். செவென் மலைநாட்டு உழவர் சிலர் மட்டும் வீட்டுப் பந்தலில் அதை விடாமல் வளர்த்தனர். அங்கே குற்றவாளி, இங்கே பிள்ளைகளின் பள்ளிப் பைக்குள் செல்லும் பழம்.

இனி என் பன்னீர்த் திராட்சைக்கு வருகிறேன். அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் அலெக்சாந்திரியா என்னும் மணமுள்ள பழங்கொடி ஒரு பெற்றோர். பிரான்சின் தென்கோடியில் ரிவ்சால்த் இனிப்பு மதுவுக்கு உதவுவது அதுவே. கறுப்பு ஹாம்பர்க் எனப்படும் கொடி மற்றொரு பெற்றோர். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படுகிறது. அரசுச் செய்திகளிலும் அவ்வாறே வருகிறது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் ஸ்னோ என்னும் தோட்டக்காரரின் கண்ணாடிக் கூடத்திலிருந்து வெளியுலகுக்குத் தெரியவந்தது 1850-களில்தான். ஆகவே பாதிரியார் கொண்டுவந்தது இதற்கு மூத்த மஸ்கட் கொடியொன்றாகவும், பன்னீர் பின்னர் வந்ததாகவும் கொள்வதே பொருந்தும். ஊரில் இதைச் சொன்னால் என் மீது வருத்தப்படுவார்கள். பாதிரியார் கதை அவர்களுக்கு அத்தனை பிரியம்.

பிரான்சின் தென்கிழக்கே வாந்தூ என்றொரு மொட்டை மலை. அதன் அடிவாரத்திலும் இதே கொடிதான் விளைகிறது. மதுவுக்கன்று, உண்பதற்கு. அந்த உழவர்கள் ஒன்றுகூடி, விளையும் ஊர்களை வரையறுத்து, இனிப்பு இன்ன அளவை எட்டவேண்டும், பழத்தின் மேலுள்ள வெண்துகள் கலையக்கூடாது என்று விதித்துக்கொண்டு, 1997-ல் 'வாந்தூ மஸ்கட்' என்னும் பெயருக்குச் சட்டக் காப்புப் பெற்றார்கள். வேறொருவர் அப்பெயரை வைத்து விற்க முடியாது. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு அக்குறியீடு 2023-ல் கிடைத்தது. ஏறத்தாழ 2,000 ஏக்கர், பத்துக் கிராமங்கள். வாந்தூவில் ஆண்டுக்கு ஒரு முறை பழம். அதுவும் இலையுதிர் காலத்தோடு முடிந்தது. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்த நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டம் பறிக்கும்போது அடுத்த தோட்டம் பூக்கும். ஆண்டு முழுதும் புதுப்பழம் தரும் பள்ளத்தாக்கு என்று சொல்லிக்கொள்ள வாந்தூக்காரருக்கு வாய்ப்பில்லை.

ஆயினும் வாந்தூப் பெட்டியின் மேல் பெயர் இருக்கிறது. தோப்பும்படிக்கு வந்து சேரும் கூடையின் மேல் ஒன்றுமில்லை. குறியீடு கிடைத்தது உண்மை, காகிதத்தில் இருக்கிறது. பறித்த இடத்திலேயே அது கூடையில் ஏறாவிட்டால், குமுளி தாண்டியதும் எங்கள் பழம் வெறும் கறுத்த முந்திரி.

இவ்வளவையும் சென்ற முறை ஊருக்குப் போனபோது தமையனாரிடம் சொன்னேன். பந்தலடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார். சாரகாசிக் குடும்பத்தின் கதையைச் சொன்னபோது மட்டும் குறுக்கிட்டு, "அவர்களுக்கு மருந்துக் கடையில் பாக்கி இருந்ததா, தம்பி?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. மாலையில் அவரே, மேற்குப் பாதிப் பந்தலை வைத்துக்கொள்வதாகவும், கிழக்குப் பாதியில் வாழை வைப்பதாகவும் கூறினார். தந்தையார் நட்ட தூண்கள் மேற்குப் பக்கத்தில்தான் உள்ளன. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே திரும்பியதும் சந்திக் கடைக்காரரிடம் கம்பத்தின் பெயரையும் பன்னீரின் பெயரையும் விளக்கிச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மறுவாரம் குலைகளின் மேல் ஓர் அட்டை செருகியிருந்தது. மலையாள எழுத்தில் 'கம்பம் முந்திரி' என்று எழுதி, கீழே விலை போட்டிருந்தார். பன்னீர் எங்கே என்று கேட்டேன். அட்டையில் இடம் போதவில்லை என்றார்.